ஒரே குறியீடு, இரு வடிவம்: பல்கேரியச் சிரில்லிக் எழுத்தும் கணினி எழுத்துருவும்

பல்கேரிய மொழியில் 'மொழி' என்னும் பொருள் தரும் சொல் 'எஸிக்' என்பதாகும். இது சிரில்லிக் எழுத்தில் நான்கு எழுத்துகளால் எழுதப்படுகிறது. மாஸ்கோவில் வழங்கும் அச்செழுத்தைக் கொண்டு இச்சொல்லைக் கோத்தால், நான்கு எழுத்துகளும் ஒரே உயரத்தில், மேலும் கீழும் நீட்சியின்றி, செங்கல் அடுக்கியதுபோல் நிற்கும். சோஃபியாவில் எழுத்துக் கலைஞர் வகுத்த வடிவில் அதே சொல்லைக் கோத்தால், இரண்டாம் எழுத்து அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும். மூன்றாம் எழுத்து ரோமன் சிறிய 'யு'வின் தோற்றத்தைப் பெறும். நான்காம் எழுத்தின் தண்டு மேலே உயரும். சொல் ஒன்றே; எழுத்துக்கூட்டும் ஒன்றே; கணினியில் சேமிக்கப்படும் குறியீட்டெண்களும் ஒன்றே. கண்ணுக்குத் தெரியும் உருவம் மட்டுமே வேறு. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது, கணினி எழுத்துருக்கள் இதனை எவ்வாறு ஏற்றுக்கொண்டன, எங்கெங்கே தவறவிட்டன என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஓர் ஒலியனுக்குப் பல மாற்றொலிகள் இருப்பதுபோல ஓர் எழுத்துக்கும் பல மாற்று வடிவங்கள் இருக்கலாம் என்பது மொழியியலார் நன்கறிந்த செய்தி. மாற்றொலிகள் ஒலிச்சூழலால் கட்டுப்படுகின்றன. இங்கே நாம் காணும் மாற்று வடிவங்களைக் கட்டுப்படுத்துவது சூழல் அன்று. எம்மொழியின் நூல் என்பதே. அதாவது, வடிவத்தைத் தெரிவு செய்வதற்குரிய செய்தி எழுத்துத் தொடருக்குள் இல்லை; அதற்கு வெளியே இருக்கிறது. சிக்கல் முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது.

எழுத்தின் பிறப்பும் பீட்டரின் சீர்திருத்தமும்

சிரில் என்பவர் 9ஆம் நூற்றாண்டில் சிலாவிய மக்களுக்காக வகுத்த எழுத்து, இன்று அவர் பெயரால் வழங்கும் எழுத்து அன்று; அது கிளகோலித்து என்னும் வேறோர் எழுத்தாகும். மொராவியாவிலிருந்து வெளியேற்றப்பட்ட அவருடைய மாணாக்கர்க்கு 886இல் பல்கேரிய மன்னன் முதலாம் போரிஸ் புகலிடம் அளித்தான். பின்னர் பல்கேரியப் பேரரசில், சிறப்பாகப் பிரெஸ்லாவ் நகரைச் சார்ந்த அறிஞர் வட்டத்தில், கிரேக்கப் பேரெழுத்துகளை அடிப்படையாகக் கொண்டு சிரில்லிக் எழுத்து உருப்பெற்றது. ஆகவே இவ்வெழுத்தின் தாயகம் பல்கேரியா என்று அந்நாட்டார் பெருமை கொள்வதில் பிழையில்லை. மே மாதம் 24ஆம் நாளை எழுத்துக்கும் கல்விக்கும் உரிய பொதுவிடுமுறையாகவே அவர்கள் கொண்டாடுகின்றனர்.

ஆயினும் தாயகத்தின் எழுத்து வடிவத்தை எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் மாற்றியமைத்தவர் ரஷ்யப் பேரரசர் பீட்டர். சமய நூல்களுக்கு உரிய பழைய எழுத்தை விடுத்து, உலகியல் நூல்களுக்கென 'குடிமை எழுத்து' ஒன்றை அவர் 1708இல் அறிமுகப்படுத்தினார். 1710இல் அதன் இறுதி வடிவம் அவரால் ஒப்புதல் பெற்றது. ஆம்ஸ்டர்டாமிலும் மாஸ்கோவிலும் வெட்டப்பட்ட அவ்வெழுத்துகள் அக்கால ரோமன் அச்செழுத்தின் சாயலைத் தழுவியவை. இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. ரோமன் சிற்றெழுத்துகள் பல நூற்றாண்டுக் கையெழுத்து வழக்கில் தாமாகத் திரண்டவை. அதனால் அவை பேரெழுத்துகளிலிருந்து பெரிதும் வேறுபட்டு, மேல்நீட்சியும் கீழ்நீட்சியும் உடையனவாய் அமைந்தன. குடிமை எழுத்தின் சிற்றெழுத்துகளோ பெரும்பான்மையும் பேரெழுத்துகளைச் சுருக்கிய வடிவிலேயே நிலைபெற்றன. வகரம், ககரம், மகரம், னகரம் முதலான ஒலிகளுக்குரிய சிற்றெழுத்துகள் பேரெழுத்தின் குறுவடிவங்களே அன்றி வேறல்ல.

கையெழுத்து இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. ரஷ்யரும் பல்கேரியரும் கையால் எழுதுங்கால், ஒலிப்பிலாத் தகரத்தை ரோமன் சிறிய 'எம்' போலவும், ஒலிப்பிலாப் பகரத்தைச் சிறிய 'என்' போலவும், இகரத்தைச் சிறிய 'யு' போலவும் எழுதுகின்றனர். அச்சில் சாய்வெழுத்தும் இக்கையெழுத்து வடிவங்களையே மேற்கொண்டது. எனவே ரஷ்ய நூலொன்றில் நேரெழுத்தில் ஒரு சொல்லையும் சாய்வெழுத்தில் அதே சொல்லையும் பார்க்கும் புதிய மாணவர், இவை இரண்டும் ஒரே எழுத்துகள் என நம்பத் தயங்குவர். மொழி கற்பிப்போர் அனைவரும் இதனை அறிவர்.

சோஃபியாவின் கலைஞர்கள்

பல்கேரியா 1878இல் ஒட்டோமானியர் ஆட்சியினின்றும் விடுபட்டபின் அச்சுத்தொழில் விரைந்து வளர்ந்தது. அச்செழுத்து வடிவம் மட்டும் பெரும்பாலும் ரஷ்ய மாதிரியையே பின்பற்றிற்று. 1945ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் இரண்டு பழைய எழுத்துகளை நீக்கி நெடுங்கணக்கை 30 எழுத்துகளாக வரையறுத்தது. எழுத்துகளின் தொகையைப் பற்றியது அச்சீர்திருத்தம், உருவத்தைப் பற்றியதன்று.

உருவத்தில் மாற்றம் வந்தது அரசாணையால் அன்று, ஓவியர்களால். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போரிஸ் ஆங்கெலுஷெவ் (1902-1966), வசில் யோஞ்செவ் (1916-1985) ஆகியோரும் அவர்தம் மாணவரும் நூல் வடிவமைப்பில் ஒரு புதுவழியைத் தொடங்கினர். ரோமன் சிற்றெழுத்து கையெழுத்திலிருந்து பிறந்ததாயின், சிரில்லிக் சிற்றெழுத்தும் தன் கையெழுத்திலிருந்தே பிறக்கவேண்டும் என்பது அவர்களது அடிப்படைக் கருத்து. இதன்படி, நேரெழுத்திலேயே கையெழுத்து வடிவங்கள் இடம்பெற்றன. வகர ஒலிக்குரிய எழுத்து மேல்நீட்சி பெற்றது. ஒலிப்பிலாக் ககரம், 'ழ' எனத் தமிழில் தவறாகவும் 'ஷ' எனத் தோராயமாகவும் நாம் எழுத நேரும் ஒலிப்புடை உரசொலி, 'யு' என்னும் ஒலிக்குரிய எழுத்து ஆகியனவும் மேலே நீண்டன. ஒலிப்புடைத் தகரம் ரோமன் சிறிய 'ஜி'யின் சாயலைப் பெற்றுக் கீழே இறங்கியது. ஒலிப்புடைக் ககரம் வலமிடமாகத் திருப்பப்பட்ட 'எஸ்' போல் வளைந்தது. லகரம், பேரெழுத்திலும் சிற்றெழுத்திலும், கூரைபோல் இருபுறமும் சரிந்த முக்கோண வடிவு கொண்டது. 30 எழுத்துகளில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு மாறின.

யோஞ்செவ் எழுத்தின் வரலாற்றைப் பற்றி விரிவாக எழுதியவரும் ஆவார். ஓல்கா யோஞ்செவாவுடன் இணைந்து அவர் எழுதிய, பழைய பல்கேரிய எழுத்தையும் இக்கால எழுத்தையும் ஒருங்கே ஆராயும் பெருநூல் 1982இல் வெளிவந்தது.

இவ்வடிவங்களைக் குறித்து இக்காலத்தில் சொல்லப்படும் இரண்டு கூற்றுகளை ஆய்வாளர் எச்சரிக்கையுடன் அணுகவேண்டும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. ஒன்று, இதுவே 'மூலச் சிரில்லிக்' என்பது. எழுத்து பல்கேரியாவில் பிறந்தது உண்மை. ஆனால் இன்றைய பல்கேரிய அச்சு வடிவம் பிரெஸ்லாவ் ஏடுகளின் வடிவம் அன்று. அது 20ஆம் நூற்றாண்டுக் கலைஞரின் படைப்பு. அதன் வேர் அண்மைக்காலக் கையெழுத்தில் உள்ளது. பழைமை இல்லை என்பதனால் உரிமை இல்லை என்றாகாது. பழைமையைக் காட்டி உரிமை கோருவதுதான் தேவையற்றது. மேலும், இது ரஷ்ய மேலாண்மைக்கு எதிரான கிளர்ச்சி என்று இன்று சிலர் எளிமைப்படுத்திக் கூறுவது உண்டு. இம்முயற்சி வளர்ந்தது சோவியத் ஒன்றியத்தோடு மிக நெருங்கிய நட்புக்கொண்டிருந்த ஆட்சியின் கீழேயே என்பதை மறத்தலாகாது.

மற்றொரு கூற்று, இவ்வடிவங்கள் படிப்பதற்கு எளியன என்பது. மேல்நீட்சியும் கீழ்நீட்சியும் சொல்லுக்குத் தனித்த புறவடிவம் தருகின்றன என்பதே இதற்குக் காட்டப்படும் காரணம். சொல்லைப் புறவடிவத்தால் அறிகிறோமா, எழுத்தெழுத்தாக அறிகிறோமா என்ற வினாவில் இக்கால வாசிப்பு உளவியல் பின்னதன் பக்கமே சாய்கிறது. எழுத்துகள் தம்முள் வேறுபட்டுத் தோன்றுவது நன்று என்ற அளவில் கூற்றுக்கு வலுவுண்டு. ஆனால் பழகிய வடிவமே எளிய வடிவம் என்பதும் அதே அளவு உண்மை. கணினித் திரையில் ரஷ்ய வடிவத்தையே கண்டு வளர்ந்த பல்கேரிய இளைஞருக்குப் 'பல்கேரிய வடிவம்' அயலாகத் தோன்றுவதில் வியப்பில்லை. பல்கேரியருக்குள்ளேயே இப்பொருளில் ஒருமித்த கருத்து இல்லை என்பதைப் பதிவு செய்தல் கடமை.

குறியீட்டுப் பக்கங்களின் காலம்

பல்கேரியா கணினித் தொழிலில் பின்தங்கிய நாடு அன்று. 'பிரவெத்ஸ்' என்னும் பெயரில் அங்கே உருவாக்கப்பட்ட கணினிகள் 1980களில் பள்ளிகளுக்கும் சென்றன. அவற்றோடு தொடர்புடைய 'மிக்' என்னும் எட்டு பிட் குறியீட்டுப் பக்கம் 128ஆம் இடம் முதலாகச் சிரில்லிக் எழுத்துகளை நெடுங்கணக்கு முறையில் வரிசைப்படுத்தியது. பின்னர் விண்டோஸ் 1251 என்னும் பக்கம் பரவியது. இப்பக்கங்கள் ரஷ்யத்துக்கும் பல்கேரியத்துக்கும் பொது. எழுத்துக்கு ஓர் எண். அவ்வெண்ணின் உருவம் எதுவென்பது எழுத்துரு செய்பவர் விருப்பம்.

எனவே 1990களில் பல்கேரிய வடிவத்தை விரும்பிய வடிவமைப்பாளர் செய்யக்கூடியது ஒன்றுதான்: அதே இடங்களில் பல்கேரிய உருவங்களை வரைந்து, தனி எழுத்துருவாக வெளியிடுவது. தமிழ்க் கணினி வரலாற்றை அறிந்தோர்க்கு இது பழகிய கதைபோல் தோன்றலாம். ஆனால் ஒரு முதன்மையான வேறுபாடு உண்டு. 1999இல் தமிழ்நாடு அரசு தாம், தாப் என்னும் குறியீடுகளை வரையறுப்பதற்கு முன்னர், தமிழில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடே மாறியது. எழுத்துரு இல்லையெனில் கட்டுரை வெறும் குப்பையாயிற்று. பல்கேரியத்தில் குறியீடு மாறவில்லை. எழுத்துரு இல்லாத கணினியில் நூல் ரஷ்ய வடிவில் தோன்றிற்று, படிக்கவும் முடிந்தது. இழப்பு சிறியது என்பதாலேயே அது கவனிக்கப்படாமலும் போயிற்று.

உருவ வேறுபாடு அன்றி எழுத்து வேறுபாடே இழக்கப்பட்ட ஓரிடத்தையும் இங்கே குறிப்பிடவேண்டும். பல்கேரியத்தில் இகரம் தனித்து நின்றால் அது 'உம்' என்னும் இணைப்புப் பொருளைத் தரும். அதன்மேல் ஒரு சாய்கோடு இட்டால் 'அவளுக்கு', 'அவளுடைய' என்று பொருள்படும் குறுமாற்றுப்பெயராகும். இலக்கண நூல்கள் இதனைக் கட்டாயமாக்குகின்றன. விண்டோஸ் 1251 பக்கத்தில் கோடிட்ட இவ்வெழுத்துக்கு இடமே இல்லை. ஆகவே கோடின்றியோ, வேறோர் எழுத்தை இட்டோ எழுதும் வழக்கம் பரவிற்று. யூனிக்கோடு இதற்குத் தனி எண் வழங்கியது 1999இல் வந்த அதன் 3.0 பதிப்பில்தான். பல்கேரியத்திலிருந்து இயந்திரத்தின் துணையுடன் மொழிபெயர்ப்போர், பழைய மின்வடிவ நூல்களில் 'உம்' என்று தோன்றுவது 'அவளுடைய' ஆகவும் இருக்கலாம் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

யூனிக்கோடும் மொழிச்சுட்டும்

1991இல் முதற்பதிப்பு கண்ட யூனிக்கோடு, எழுத்துக்கே எண் தரும். உருவத்துக்கு எண் தராது என்பதைக் கொள்கையாக உடையது. செர்பியத்துக்கு மட்டும் உரிய எழுத்துகள், வூக் கராஜிச் 1818இல் நிலைநிறுத்திய எழுத்துமுறையைச் சார்ந்தவை, தனித்தனி எண் பெற்றன. அவை வேறு எழுத்துகள் என்பதால். பல்கேரியத் தகரமும் ரஷ்யத் தகரமும் ஓர் எண்ணே பெற்றன; அவை ஓர் எழுத்தே என்பதால். இக்கொள்கை சரியானதே. 'நூல்' என்னும் பொருளுடைய 'க்னிகா' என்னும் சொல் ரஷ்யத்திலும் பல்கேரியத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. வடிவ வேறுபாட்டிற்காக இரு குறியீடுகள் கொடுத்திருந்தால், நூலகப் பட்டியலில் ஒரே சொல்லைத் தேட இருமுறை தேடவேண்டியிருக்கும்.

அப்படியாயின் வடிவ வேறுபாட்டை எங்கே வைப்பது? 1996இல் மைக்ரோசாஃப்டும் அடோபியும் அறிவித்த ஓப்பன்டைப் முறை இதற்கு வழிகண்டது. ஓர் எழுத்துருவுக்குள் ஒரே எண்ணுக்குப் பல உருவங்களை வைக்கலாம். எழுத்துமுறைக்கும் மொழிக்கும் உரிய சுட்டுகள் அதில் உள்ளன. பல்கேரியத்துக்குப் 'பி-ஜி-ஆர்', செர்பியத்துக்கு 'எஸ்-ஆர்-பி', மாசிடோனியத்துக்கு 'எம்-கே-டி'. நூல் பல்கேரியம் என்று குறிக்கப்பட்டிருந்தால், 'மொழிவழி வடிவம்' என்னும் விதி இயங்கி, பொது உருவத்தை நீக்கிப் பல்கேரிய உருவத்தை இடும். இணையப் பக்கத்தில் மொழிச்சுட்டு இடப்பட்டிருப்பின் உலாவி இதனைத் தானே செய்யும்.

கேட்பதற்கு எளிது. இது நடைபெற மூன்று கண்ணிகள் அறாதிருத்தல் வேண்டும்: எழுத்துருவில் பல்கேரிய உருவங்கள் இருத்தல், மென்பொருள் அவ்விதியை இயக்குதல், நூலுக்கு மொழிச்சுட்டு இடப்பட்டிருத்தல். ஒன்று அறுந்தாலும் இயல்பு வடிவமே தோன்றும்; இயல்பு வடிவம் பெரும்பான்மை எழுத்துருக்களில் ரஷ்ய வடிவம். மூன்றாவதே மிக எளிதில் அறுவது. ஒரு பத்தியை ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்கும்போது எழுத்துகள் வரும். மொழிச்சுட்டு பெரும்பாலும் வாராது. பன்மொழி ஆவணத்தில் பணிபுரியும் மொழிபெயர்ப்பாளர் இதனை நாள்தோறும் எதிர்கொள்வர். ஒரே பக்கத்தில் ஒரு பத்தி ஒரு வடிவிலும் அடுத்தது வேறு வடிவிலும் அமைந்திருந்தால் குற்றம் பெரும்பாலும் எழுத்துருவில் இல்லை; சுட்டில் இருக்கிறது. எழுத்துருவிலும் குறை நேரலாம். கோடில்லா இகரத்துக்குப் பல்கேரிய உருவம் வரைந்த கலைஞர், மேலே கூறிய கோடிட்ட இகரத்துக்கு வரைய மறந்தால், ஒரே வரியில் இரு மரபுகள் மோதும்.

செர்பியச் சிக்கல் இதனினும் கடுமையானது. செர்பியச் சாய்வெழுத்தில் ஒலிப்பிலாப் பகரம் மேற்கோடிட்ட 'யு' போலவும், ஒலிப்பிலாத் தகரம் மூன்று கால்களும் மேல்நோக்கி நிற்க அதன்மேற் கோடிட்டும் அமையும். ரஷ்ய வாசகருக்கு இவை வேறெழுத்துகளாகவே தோன்றும். பல்கேரிய வடிவமோ ரஷ்யருக்குச் சாய்வெழுத்து வாயிலாகப் பழகியது, மயக்கம் தாராது. ஆகவே செர்பியத்தில் மொழிவழி வடிவம் என்பது நெறி. பல்கேரியத்தில் அது மரபும் விருப்பமும் கலந்தது. இவ்விரண்டையும் ஒரே விதியில் அடக்கியதில் ஒரு நெருடல் உண்டு. மொழிச்சுட்டு 'இது பல்கேரியம்' என்று மட்டுமே சொல்லவல்லது. 'இப்பல்கேரியர் எவ்வடிவத்தை விரும்புகிறார்' என்று சொல்லவியலாது. இதனாலேயே எழுத்துரு செய்வோர் பலர், மொழிச்சுட்டோடு சேர்த்து, பயனர் தாமே தெரிவு செய்யும் மாற்றுவடிவத் தொகுதியாகவும் இவற்றை அமைக்கின்றனர். இருவழியும் திறந்திருத்தலே தக்கது.

இணையப் பெயரில் ஒரு வழக்கு

2007 சனவரி 1ஆம் நாள் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, சிரில்லிக் அவ்வொன்றியத்தின் மூன்றாவது எழுத்தாயிற்று. 2013 முதல் வெளிவந்த புதிய யூரோத் தாள்களில் நாணயப்பெயர் சிரில்லிக்கிலும் அச்சிடப்பட்டது. அங்கே அனைத்தும் பேரெழுத்தாதலின், நாம் பேசும் சிக்கல் எழவில்லை.

எழுந்த இடம் வேறு. பல்கேரியா தன் நாட்டு இணையப்பெயரைச் சிரில்லிக் எழுத்திலேயே பெற விழைந்தது. அப்பெயர் ஒலிப்புடைப் பகரமும் ஒலிப்புடைக் ககரமும் ஆகிய இரண்டு எழுத்துகளைக் கொண்டது. 2010இல் பன்னாட்டு இணையப்பெயர் நிறுவனமாகிய ஐகேன் இவ்விண்ணப்பத்தை ஏற்கவில்லை. பிரேசில் நாட்டுக்குரிய ரோமன் 'பி-ஆர்' என்பதோடு கண்ணுக்கு மயங்கும் என்பது காரணம். பின்னர் 2014இல் மறுஆய்வில் தடை நீங்கி, 2016இல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது.

இங்கே மயக்கத்துக்குக் காரணமான இரண்டாம் எழுத்தைக் கூர்ந்து நோக்குக. ரஷ்ய வடிவில் அச்சிற்றெழுத்து ஒரு தண்டும் அதன் தலையில் வலப்புறம் நீளும் கையுமாக, ரோமன் 'ஆர்' எழுத்தை ஒத்திருக்கிறது. பல்கேரிய வடிவில் அது திருப்பிய 'எஸ்' ஆகும். 'ஆர்' ஆகத் தோன்ற வழியே இல்லை. ஆனால் இணைய முகவரிக்கு மொழிச்சுட்டு கிடையாது. அது வெறும் எழுத்துத்தொடர். எக்கணினியிலும் இயல்பு வடிவிலேயே தோன்றும். ஒரு நாடு தன் பெயரைத் தன் எழுத்தில் எழுத விழைந்தபோது, அவ்வெழுத்து அயல்மரபின் உருவத்தைக் கொண்டே அளக்கப்பட்டது. எழுத்துருவின் இயல்பு வடிவம் எது என்பது அழகியற் செய்தி மட்டுமன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டுவதில்லை. பல்கேரிய வடிவமே இயல்பாக இருப்பின் வேறு மயக்கங்கள் நேரும் என்பதும் உண்மைதான். 'எம்', 'என்', 'யு', 'ஜி' ஆகிய ரோமன் எழுத்துகளை ஒத்த சிரில்லிக் உருவங்கள் அதில் மிகுதி.

இந்தியமொழிப் பணியில் ஈடுபட்டோர்க்கு இவை தொலைவான செய்திகள் அல்ல. தேவநாகரியில் லகரத்துக்கும் சகரத்துக்கும் மராத்தி விரும்பும் உருவம் வேறு, இந்தி விரும்பும் உருவம் வேறு, எண்கள் ஒன்றே. மராத்தி நூலை 'இந்தி' என்று சுட்டிய கோப்பில் தட்டச்சிடும்போது சோஃபியாவின் சிக்கல் அப்படியே புனேயில் நிகழ்கிறது. அசாமியத்தில் யூனிக்கோடு வேறு முடிவெடுத்தது: அதன் ரகரத்துக்கும் வகரத்துக்கும் வங்க எழுத்துத் தொகுதிக்குள்ளேயே தனி எண்கள் தந்தது. உருவ வேறுபாடு எப்போது எழுத்து வேறுபாடாகிறது என்ற வினாவுக்கு ஒரே அளவுகோல் இல்லை என்பதை இவ்விரு முடிவுகளும் காட்டுகின்றன. தமிழில் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய 'ணை', 'லை', 'னா' முதலியவற்றின் பழைய உருவங்களும் இன்றைய உருவங்களும் ஒரே குறியீட்டுத் தொடரைக் கொண்டவை. பழைய பதிப்பொன்றை உள்ளவாறே மின்பதிப்பாக வெளியிட விரும்புவோர் குறியீட்டை மாற்றவேண்டியதில்லை. எழுத்துருவில் பழைய உருவங்களைத் தொகுதியாக வைத்து, வேண்டிய இடத்தில் அழைத்துக்கொள்ளலாம். மொழிச்சுட்டு இங்கே பயன்படாது, இரண்டும் தமிழே.